இஞ்சி கேக்குக்குச் சுக்குதான் சரி

ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். நமக்கு இஞ்சி வேறு, சுக்கு வேறு. கேக் செய்யும்போது நம் கணக்குதான் சரியாக வருகிறது. பெயர் இஞ்சி கேக் என்றாலும் உள்ளே காரம் கொடுப்பது சுக்குப் பொடி. பச்சை இஞ்சியை மட்டும் துருவிப் போட்டுவிட்டு "உறைப்பே இல்லை" என்று குறைபடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகால் ஆக மாறுகிறது. (ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு ஷோகா என்று பெயர், அதிலிருந்து வந்த பெயர் இது.) ஷோகால் ஜிஞ்சராலைவிடக் காரமானது. பச்சை இஞ்சியை வேகவைத்தால் நடப்பது வேறு. ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஜிஞ்சரோன் என்ற மென்மையான, லேசாக இனிக்கும் மணமுள்ள பொருளாகிவிடும். சுக்கு ஓவன் சூட்டில் முக்கால் மணி நேரம் கிடந்தாலும் தொண்டையைத் தொடும். பச்சை இஞ்சி வாசனையோடு நின்றுவிடும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்க்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். ஒன்றுதான் என்றால் சுக்கு.

இந்த கேக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இதில் எதையும் அடித்துப் பொங்க வைப்பதில்லை. வழக்கமான வெண்ணெய் கேக்கில் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும்போது காற்று உள்ளே போய் உட்கார்கிறது, சமையல் சோடாவோ பேக்கிங் பவுடரோ அந்தக் காற்றுக்குமிழ்களைப் பெரிதாக்குகிறது. இங்கே வெண்ணெயை உருக்கிவிடுகிறோம். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. ஆகவே உப்புகிற வேலை முழுவதும் சோடா, பேக்கிங் பவுடர் இரண்டின் தலையில். பீட்டர் வேண்டாம், கை நோகாது. ஆனால் அவை பழசாக இருந்தாலோ, அளவு தவறினாலோ, கலவை டின்னில் ஏறாமல் மேடையிலேயே காத்திருந்தாலோ கைகொடுக்க வேறு ஆளில்லை.

தேவையானவை (20 செ.மீ. சதுர டின் அல்லது 23 × 13 செ.மீ. ரொட்டி டின்):

மைதா 200 கிராம்
சர்க்கரை 200 கிராம் (100 கருக்குவதற்கு, 100 அப்படியே சேர்ப்பதற்கு)
சுடுதண்ணீர் 100 மி.லி.
வெண்ணெய் 100 கிராம்
கெட்டித் தயிர் 120 கிராம், அதிகம் புளிக்காதது
முட்டை 2
சுக்குப் பொடி 1 டேபிள்ஸ்பூன், ஏறக்குறைய 6 கிராம்
பட்டைத் தூள் 1 டீஸ்பூன்
கிராம்புத் தூள் ¼ டீஸ்பூன்
மிளகுத் தூள் ¼ டீஸ்பூன்
சமையல் சோடா ½ டீஸ்பூன்
பேக்கிங் பவுடர் ½ டீஸ்பூன்
உப்பு ½ டீஸ்பூன் (வெண்ணெயிலேயே உப்பு இருந்தால் பாதி)

ஸ்பூன் அளவெல்லாம் தலைதட்டிய அளவு. கோபுரமாக அள்ளிய ஒரு டீஸ்பூன் சோடா, தட்டிய அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு வந்துவிடும். மைதாவை எடை போடுவது நல்லது. கப்தான் இருக்கிறது என்றால் 240 மி.லி. கப்பில் 1⅔ கப், ஆனால் கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளக் கூடாது. அப்படி அள்ளினால் மாவு அமுங்கி, கப் ஒன்றுக்கு 120 கிராம் வர வேண்டிய இடத்தில் 150 வரை ஏறிவிடும். மொத்தத்தில் 50 கிராம் மாவு கூடினால் கேக் வறண்டு, மேலே வெடித்து, ரொட்டி மாதிரி வந்து நிற்கும். மாவை ஸ்பூனால் எடுத்துக் கப்பில் பொலபொலவென்று போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள்.

சோடா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ¼ டீஸ்பூன் சோடாவில் சில சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள், உடனே பொங்க வேண்டும். பேக்கிங் பவுடரில் அமிலம் ஏற்கெனவே கலந்திருப்பதால் அதற்கு வெறும் சுடுதண்ணீர் போதும். சுக்குப் பொடிக்கு மூக்குதான் சோதனை. மூடியைத் திறந்ததும் மூக்கைத் தாக்கவில்லை, வெறும் தூசி வாசனைதான் வருகிறது என்றால் அளவைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், கசப்புதான் ஏறும். புதிதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் முழுச் சுக்கை வாங்கித் தோலைச் சுரண்டி, இடித்து, பொடியாக அரைத்து, நுண்ணிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். நார் நிறைய நிற்கும், அதைக் கேக்கில் போட வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் இஞ்சி கேக்குகளின் கறுப்பு நிறமும் அடித்தொண்டைக் கசப்பும் பெரும்பாலும் மொலாசஸிலிருந்து (கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) வருபவை. அது எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்காது. வெள்ளைச் சர்க்கரை இருக்கும். அதைக் கருக்கிக்கொண்டால் நிறமும் கிடைக்கும், இனிப்பை வெட்டும் கசப்பும் கிடைக்கும். மொத்தச் செய்முறையில் சற்றுப் பழக்கம் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான்.

கனமான அடிப்பாகமுள்ள, உள்ளே வெளிர்நிறமான பாத்திரத்தை எடுங்கள். கறுப்பு நான்ஸ்டிக்கில் சர்க்கரையின் நிறம் தெரியாது. 100 கிராம் சர்க்கரையைப் பரப்பி, மிதமான தீயில் வையுங்கள். ஓரத்தில் உருகத் தொடங்கும்வரை கரண்டி போடாதீர்கள், பாத்திரத்தைப் பிடித்து ஆட்டினால் போதும். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. பாயசத்துக்கோ புட்டிங்குக்கோ இந்தச் செம்பழுப்பில் நிறுத்துவோம், கேக்குக்கு இது போதாது. மாவும் தயிரும் முட்டையும் சேர்ந்தால் நிறமும் சுவையும் வெளிறிவிடும். பால் கலக்காத டிகாக்ஷன் நிறத்துக்குப் போகட்டும், மெல்லிய புகை ஒரு இழை கிளம்பும், அப்போது அடுப்பை அணையுங்கள். செம்பழுப்புக்கும் கரிக்கும் நடுவே அரை நிமிடம்கூட இருக்காது. அதனால் சுடுதண்ணீரை முன்கூட்டியே அளந்து பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் விடும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கருகிய சர்க்கரை 180, 190 டிகிரி செல்சியஸில் இருக்கும், அதில் விழும் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகிச் சீறும். பச்சைத் தண்ணீர் விட்டால் சீற்றம் இன்னும் மோசம், பாகும் கல்லாக இறுகிவிடும். சுடுதண்ணீரை ஓரமாக, மூன்று நான்கு தவணையாக விடுங்கள். அப்படியும் கொஞ்சம் கட்டிபட்டால் கவலை வேண்டாம், சிறு தீயில் இரண்டு நிமிடம் வைத்தால் கரைந்துவிடும். கரி நாற்றம் அடித்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். 100 கிராம் சர்க்கரையைக் காப்பாற்றப் போய் முழு கேக்கையும் இழக்க வேண்டாம்.

இந்தச் சூடான பாகிலேயே வெண்ணெய்த் துண்டுகள், மீதி 100 கிராம் சர்க்கரை, சுக்குப் பொடி, பட்டை, கிராம்பு, மிளகு, உப்பு எல்லாவற்றையும் போட்டுக் கலக்குங்கள். மசாலாவை மாவோடு சலிக்கச் சொல்லும் குறிப்புகள்தான் அதிகம். சூடான நெய்ப்பதத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. இவற்றின் மணப்பொருட்கள் கொழுப்பில் கரைபவை, வறண்ட மாவில் கிடப்பதைவிடச் சூடான வெண்ணெயில் ஊறினால் கேக் முழுக்கப் பரவும். தாளிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஆற வைக்க வேண்டும். விரலை வைத்தால் வெதுவெதுப்பாக, 40 டிகிரி போல இருக்கட்டும், இதற்கு 20 நிமிடமாவது ஆகும். இந்த இடைவெளியில் ஓவனை 170 டிகிரிக்கு வைத்துவிடுங்கள், விசிறி ஓடும் ஓவன் என்றால் 150. டின்னுக்கு வெண்ணெய் தடவி, அடியிலும் பக்கங்களிலும் பட்டர் பேப்பர் போடுங்கள். சர்க்கரை அதிகமுள்ள கேக் இது, பேப்பர் இல்லாமல் பிடித்துக்கொண்டால் துண்டாகத்தான் வரும். மைதா, சோடா, பேக்கிங் பவுடர் மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா சின்னக் கட்டியாக நின்றுவிட்டால் அந்த இடத்தில் கேக்கில் கரும்புள்ளி விழும், கடித்தால் சோப்பு.

ஆறிய பாகில் தயிரை விட்டுக் கலக்கி, பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி விஸ்கால் (கம்பிக் கலக்கியால்) கலக்குங்கள். ஆறாமல் முட்டையை ஊற்றினால் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே வேகத் தொடங்கும், கேக்கில் வெள்ளை நூல் தெரியும். தயிரும் முட்டையும் ஃபிரிட்ஜிலிருந்து நேரே வந்தால் எதிர்ப்பக்கத் தொல்லை, வெண்ணெய் இறுகித் திரிதிரியாக மிதக்கும். அப்படி ஆனால் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் மேல் ஒரு நிமிடம் வைத்துக் கலக்கினால் சரியாகிவிடும்.

மாவையும் திரவத்தையும் சேர்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. மாவை அகலமான பாத்திரத்தில் போட்டு நடுவில் குழி செய்து, திரவத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஊற்றுங்கள். விஸ்கால் நடுவிலிருந்து கலக்கிக் கெட்டிக் கூழாக்குங்கள். கட்டிகள் உடைவது இந்தக் கெட்டிப் பதத்தில்தான். பிறகு மீதியை இரண்டு தவணையாக ஊற்றித் தளர்த்துங்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் மாவுருண்டைகள் தண்ணீரில் மிதக்கும், எவ்வளவு சுற்றினாலும் விஸ்குக்கு அகப்படாமல் நழுவும். அவற்றை உடைக்கச் சுற்றிச் சுற்றிக் கலக்கினால் மைதாவின் குளூட்டன் (மாவிலுள்ள பசைபோன்ற புரதம்) இழுபடத் தொடங்கும், வெந்த கேக்கை வெட்டினால் எறும்புப் புற்று மாதிரி நீளநீள ஓட்டைகள் தெரியும். கலவை தோசைமாவைவிடச் சற்றுத் தளர்வாக, ஊற்றினால் ரிப்பனாக விழும் பதத்தில் இருக்கும். "தண்ணியாக இருக்கிறதே" என்று பயந்து மாவு சேர்க்காதீர்கள். இந்தத் தளர்வுதான் வெந்த பிறகு ஈரப்பதமாக நிற்கிறது.

திரவம் பட்டதுமே தயிரின் அமிலமும் சோடாவும் சேர்ந்து வாயுவை விடத் தொடங்கிவிடும். கலவையின் மேல் குமிழ் வெடிப்பதைப் பார்க்கலாம். அந்தக் குமிழ்கள் ஓவனுக்குள் வெடிக்க வேண்டியவை. கலந்த ஐந்து நிமிடத்துக்குள் டின் உள்ளே போய்விட வேண்டும். டின்னின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், மிச்சம் இருந்தால் கப்கேக் அச்சில் ஊற்றி 18 நிமிடம் வேகவிடுங்கள். மேடையில் ஒரு தட்டுத் தட்டி நடு அடுக்கில் வையுங்கள்.

சதுர டின்னில் 35 முதல் 40 நிமிடம். ரொட்டி டின் ஆழமானது, 50 முதல் 60 நிமிடம் ஆகும், அதற்கு ஓவனை 160 டிகிரிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு டின் சூட்டை அதிகம் வாங்கும், அதற்கும் 10 டிகிரி குறைவு. முதல் 30 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. அதுவரை கேக்கைத் தாங்கி நிற்பது சூடான வாயுதான், முட்டையும் மாவும் இன்னும் இறுகியிருக்காது. குளிர்காற்று பட்டால் வாயு சுருங்கும், நடுப்பகுதி உட்கார்ந்துவிடும்.

கலவையே பழுப்பு என்பதால் வெந்ததா என்பதை நிறம் சொல்லாது. ஓரங்கள் பேப்பரிலிருந்து இலேசாக விலக வேண்டும், நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும், டூத்பிக் குத்தினால் ஈரத் துகள் ஒன்றிரண்டு ஒட்டலாம், மாவு ஒட்டக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி. வெளியே எடுத்து 10 நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு பேப்பரைப் பிடித்துத் தூக்கி வயர் ரேக்கில் வையுங்கள். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடி நசநசத்துவிடும்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான, மூடியுள்ள பாத்திரத்தின் அடியில் ஒரு ஸ்டாண்டு வைத்து, 10 நிமிடம் காலியாகச் சூடாக்கி, டின்னை இறக்கி, மூடி, சிறு தீயில் 45 முதல் 55 நிமிடம் வைக்கலாம். குக்கர் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. இப்படிச் செய்யும் கேக்கின் மேற்புறம் வெளிறிக் கிடக்கும் என்பதுதான் வழக்கமான குறை. இந்தக் கேக்குக்கு நிறம் பாகிலிருந்தே வந்துவிடுவதால் அந்தக் குறை தெரியாது.

நடு உட்கார்ந்துவிட்டால் காரணத்தை வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உட்கார்ந்த இடத்துக்குக் கீழே பிசுபிசுவென்று ஒரு பட்டை ஓடினால் வேகவில்லை, அடுத்த முறை 8 நிமிடம் கூட்டுங்கள். வெந்திருக்கிறது, ஓட்டை பெரிது பெரிதாக, உதிர்கிறது என்றால் சோடா கூடிவிட்டது. அளவுக்கு மீறிய வாயுக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலேறி வெடித்துவிடும், கேக்குக்குத் தாங்க ஆளில்லாமல் போகும். மேலே எரிமலை மாதிரி வெடித்திருந்தால் ஓவன் சூடு அதிகம், மேலோடு இறுகிய பிறகு உள்ளே இருப்பது முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடியில் மட்டும் ரப்பர் போல ஓர் அடுக்கு இருந்தால் கடைசித் தவணைத் திரவம் சரியாகக் கலக்கவில்லை, பாத்திரத்தின் அடியை ஸ்பேட்டுலாவால் வழித்துக் கலக்கியிருக்க வேண்டும்.

கசப்பு இரண்டு வகை. நாக்கின் பின்புறம் தங்கும் கரிக்கசப்பு பாகுடையது. வாய் முழுக்க வழவழவென்று சோப்பு மாதிரி படிவது சோடாவுடையது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பொருளைக் குறைத்தால் அடுத்த கேக்கும் கெடும். சோடாவை முழுக்க விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடரால் மட்டும் ஒப்பேற்றலாமா என்றால், உப்பும், ஆனால் வெளிறிவிடும். சோடாவின் காரத்தன்மை (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கொஞ்சம் இருந்தால்தான் கேக் நன்றாகப் பழுப்பாகும், சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறம் மாறும் வினை அதில் வேகம் பிடிக்கும். அந்த அரை டீஸ்பூன் சோடா கேக் உப்புவதற்கு மட்டுமல்ல.

மாற்றங்கள் சில. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர் என்பதால் 100 கிராமுக்கு ஈடாக 80 கிராம் எண்ணெய் (ஏறக்குறைய 90 மி.லி.) போதும், கூட 1 டேபிள்ஸ்பூன் தண்ணீர். மணமில்லாத எண்ணெயாக இருக்கட்டும். முட்டை வேண்டாம் என்றால் தயிரை 200 கிராமாகக் கூட்டுங்கள், ஆனால் தட்டையான சதுர டின்னில்தான் செய்ய வேண்டும், தாங்கிப்பிடிக்க முட்டை இல்லாததால் ஆழமான டின்னில் நடு இறங்கிவிடும். மைதாவில் பாதிவரை கோதுமை மாவு போடலாம், அது நீரை அதிகம் குடிக்கும், 2 டேபிள்ஸ்பூன் பால் சேருங்கள். கருக்குவதற்குப் பயமாக இருந்தால் 200 கிராம் பழுப்புச் சர்க்கரையையோ வெல்லத்தையோ 100 மி.லி. தண்ணீரில் கரைத்து (வெல்லமென்றால் வடிகட்டி) பயன்படுத்தலாம். நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் கரும்பழுப்புக் கசப்பு வராது.

பச்சை இஞ்சியின் வாசனையும் வேண்டும் என்றால் சுக்குப் பொடியை 2 டீஸ்பூனாக்கி, 40 கிராம் இஞ்சியைத் தோல்சீவி நுணுக்கமாகத் துருவி, வெண்ணெய் போட்ட சூடான பாகில் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். அந்தக் கொதி முக்கியம். பச்சை இஞ்சியில் புரதத்தைத் துண்டாக்கும் என்சைம் ஒன்று உண்டு, சூடான பாலில் இஞ்சிச் சாறு விழுந்தால் பால் திரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கொதித்தால் அது செயலிழந்துவிடும். கொதிக்கவிடாமல் பச்சையாகக் கலவையில் போட்டால், கேக்கைத் தாங்க வேண்டிய தயிர், முட்டை, மாவுப் புரதங்களின் மேல் ஓவன் சூடு ஏறும்வரை அது வேலை செய்துகொண்டிருக்கும்.

சுட்ட அன்றைக்கே வெட்டினால் மேல்தோல் மொறுமொறுப்பாக இருக்கும், சுக்கு தனியாக, கிராம்பு தனியாகத் தெரியும். முழுக்க ஆறிய பிறகு, அதாவது குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து, பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் மேலே வந்து, இரண்டாம் நாள் தோல் மெத்தென்று, விரலில் சற்று ஒட்டும்படி ஆகிவிடும். இந்த கேக்குக்கு இரண்டாம், மூன்றாம் நாள்தான் நல்ல நாள். விருந்துக்கென்றால் முந்தின நாளே சுட்டுவிடுங்கள். சூடு ஆறாமல் மூடினால் மட்டும் ஆவி தண்ணீராகிப் பூஞ்சைக்கு வழிவிடும்.

எலுமிச்சை ஐசிங் பிடித்தவர்கள் 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் 3 அல்லது 4 டீஸ்பூன் சாறு விட்டுக் குழைத்து ஆறிய கேக் மேல் ஊற்றலாம். எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை.

சாதாரண அறைச் சூட்டில் 4 நாள், வெயில் காலத்தில் 3 நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும், வெண்ணெயும் உறையும், மறுநாளே பழைய ரொட்டியாகிவிடும். நாள்பட வைக்க வேண்டுமானால் துண்டு போட்டு, ஒவ்வொன்றாகச் சுற்றி, ஃபிரீசரில் வையுங்கள். இரண்டு மாதம் வரை சுவை குறையாது. எடுத்தபின் சுற்றியபடியே ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் போதும், பிரித்துவிட்டு வைத்தால் மேலே நீர் கோத்துக்கொள்ளும்.